துருவை நிறுத்துங்க, துப்பாக்கியைத் தேய்க்காதீங்க

துருப்பிடித்த பழைய துப்பாக்கியைப் புதுசாக்குற வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. மண்ணுக்குள்ள இருந்து தோண்டி எடுத்த மாதிரி ஒரு இரும்புத் துண்டு வரும். அதை ஆசிட்ல ஊறப்போடுவாங்க, கிரைண்டர்ல தேய்ப்பாங்க, பஃபிங் சக்கரத்துல பிடிப்பாங்க. இருபதாவது நிமிஷம் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி மின்னும். பார்க்க சுகமாத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா 150 வருஷத் துரு செய்யாத கெடுதலை அந்த கிரைண்டர் ஒரு மணி நேரத்துல செஞ்சிருது. இதுதான் என் கட்சி. ஏன்னு சொல்றேன்.

மஞ்சளும் கரும்பும் போடுறவனுக்குத் துப்பாக்கியைப் பத்தி என்ன பேச்சுன்னு கேட்கலாம். துப்பாக்கியைப் பத்தி இல்லாட்டியும், இரும்பும் ஈரமும் சேர்ந்தா என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும். கொழு, கடப்பாரை, மம்பட்டி, களைக்கொத்து, மோட்டார் ரூம் கதவு வரைக்கும் தினமும் துருவோட சண்டைதான். அதனாலதான் பக்கத்து ஊர்ல ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பிரிச்சப்போ அட்டாலியில இருந்து கிடைச்ச துப்பாக்கி என் காதுக்கு வந்தது. அட்டாலின்னா பரண். எங்க பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

அந்த வீட்டுப் பேரன் பெங்களூருல வேலையில இருக்கான். நல்ல பையன். "மாமா, உங்ககிட்ட ஆங்கிள் கிரைண்டர் இருக்குதுங்களா? ரெண்டு நாள் வேணும்"னு கேட்டு வந்தான். எதுக்குன்னு கேட்டா, துப்பாக்கியைத் தேய்ச்சு, வார்னிஷ் அடிச்சு, புது வீட்டு ஹால்ல மாட்டணுமாம். "எங்க பாட்டனுக்கு வெள்ளைக்காரத் தொரை கொடுத்த ரைபிளு கண்ணு அது"ன்னு அவங்க ஆத்தா காலங்காலமா சொல்லிக்கிட்டு வந்த சாமான். கிரைண்டர் தர முடியாது, நான் வர்றேன்னு சொன்னேன்.

துருவுக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். இந்த ரெண்டையும் எந்த வீடியோவுலயும் நான் பார்க்கல.

முதலாவது, சட்டம். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாம துப்பாக்கி வச்சிருக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். உரிமம் இல்லாம துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் கூடாது. அதே சட்டத்தோட 45-ம் பிரிவுல ஒரு விலக்கு இருக்கு. வழக்கொழிஞ்ச, தொன்மை மதிப்புள்ள, அல்லது பழுதான ஆயுதம், பழுது பார்த்தாலும் பார்க்காட்டியும் துப்பாக்கியாப் பயன்படுத்த முடியாததா இருந்தா அதுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. "பழுது பார்த்தாலும்"ங்கிற வார்த்தையை ரெண்டு தடவை படிங்க. பழசா இருந்தா மட்டும் போதாது. சரி பண்ணினா சுடும்னா அது துப்பாக்கிதான். வீடியோவைப் பார்த்து ஆர்வத்துல குதிரையையும் விசையையும் வேலை செய்ய வச்சீங்கன்னா, சட்டத்துக்கு வெளியே கிடந்த ஒரு சாமானை நீங்களே தூக்கி உள்ளே வைக்கிறீங்க. உங்க வீட்டுத் துப்பாக்கி எந்த வகைன்னு முடிவு பண்ற வேலை உங்களுதும் இல்லை, என்னுதும் இல்லை. அதனால முதல் நாளே ஸ்டேஷன்ல எழுதிக் கொடுக்கச் சொன்னேன். அலைச்சல்தான். ரெண்டு வாரம் ஆச்சு. துப்பாக்கி பழுது பார்க்க உரிமம் வச்சிருக்கிற ஒரு பெரியவர் வந்து பார்த்தார். குழலோட அடிப்பக்கம் துரு தின்னு ஓட்டையே விழுந்திருந்தது. இது இனிமே எந்தக் காலத்துலயும் சுடாதுன்னு அவர் எழுதிக் கொடுத்தார். அதுக்கப்புறம்தான் மத்த வேலை. பிரிச்சதும் பூட்டினதும் அவர் கைதான். நான் துருவுக்கு மட்டும்.

ரெண்டாவது, உள்ளே மருந்து இருக்கான்னு பார்க்கிறது. இது வாய்ப்பக்கமா மருந்து போட்டு இடிக்கிற துப்பாக்கி. அந்தக் காலத்துல கெட்டிச்சு வச்சுட்டு அப்படியே சுவர்ல சாத்திட்டுப் போறது சகஜம். வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த கருமருந்து ஈரம் படாம இருந்தா நூறு வருஷம் கழிச்சும் உயிரோட இருக்கும். அதைத்தான் நம்ம ஆளுங்க கிரைண்டர் தீப்பொறிக்குக் கீழே வைக்கிறாங்க. பெரியவர் ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள்ள அடிவரைக்கும் விட்டு, வாய் விளிம்புல அடையாளம் போட்டு, வெளியே எடுத்து, குழலுக்கு மேலேயே வச்சுப் பார்த்தார். குச்சி முனை கேப்பு வைக்கிற நிப்பிள்கிட்ட வரணும். ரெண்டு அங்குலம் முன்னாடியே நின்னுருச்சு. எங்க எல்லாருக்கும் வயிறு கலங்குச்சு. நாள் கணக்கா எண்ணெயும் தண்ணியும் ஊத்தி ஊற வச்சு அவரே மெதுவாக் கிளறி எடுத்ததுல வந்தது குளவி கட்டின மண்கூடு. சிரிச்சுக்கிட்டோம். ஆனா அது மருந்தாவும் இருந்திருக்கலாம். இந்தச் சோதனையை நீங்களே செஞ்சு பார்க்காதீங்க, தெரிஞ்சவங்களை வச்சுப் பாருங்க.

இப்போ துரு.

செந்துரு ஒரு ஸ்பாஞ்சு மாதிரி. இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், பொரியும், உள்ளே ஈரத்தையும் உப்பையும் பிடிச்சு வச்சுக்கும். அந்த ஈரம் அடியில இருக்கிற நல்ல இரும்பைத் தின்னும். அதனால "துரு இருந்தாத்தான் பழசுக்கு அழகு"ன்னு சொல்ற கூட்டத்தோடயும் எனக்கு ஒத்துக்காது. ரிசார்ட்டுல கலப்பையையும் வண்டிச் சக்கரத்தையும் மழையில நட்டு வச்சு, "வில்லேஜ் லுக்"னு சொல்லிப் போட்டோ எடுக்கிறாங்களே, அஞ்சு வருஷத்துல அந்தக் கலப்பையில கொழு இருக்காது. துருவை ரசிக்கிறதும் கிரைண்டர் போடுறதும் கடைசியில ஒரே இடத்துலதான் கொண்டுபோய் விடும்.

ஆனா எல்லாத் துருவும் பகையாளி இல்லை. கருந்துருன்னு ஒண்ணு இருக்கு. மேக்னடைட்னு சொல்வாங்க. அது இரும்போட ஒட்டி, அடர்த்தியா நிக்கும், ஈரத்தை உள்ளே விடாது. செந்துருவைக் கருந்துருவா மாத்த முடியும். அதுக்குப் பெரிய மருந்தெல்லாம் வேண்டாம், கொதிக்கிற சுத்தமான தண்ணி போதும். அரை மணி நேரம் கொதிக்க வச்சா சிவப்பு கறுப்பா மாறும். மேலே பொடியா நிக்கிறதை ரொம்ப நைசான எஃகு நார் வச்சு எண்ணெயோட லேசாத் துடைச்சு எடுக்கணும். சிவப்பு இன்னும் தெரிஞ்சா மறுபடியும் கொதிக்க வைக்கணும். அடியில இருக்கிற இரும்பை நீங்க தொடவே மாட்டீங்க.

39 அங்குலக் குழலைக் கொதிக்க வைக்க ஏது பாத்திரம்? நாட்டுச்சர்க்கரை காய்ச்சுற கொப்பரை இருக்கே. அதை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாம நல்லாக் கழுவி, மழைத்தண்ணி பிடிச்சு வச்சிருந்ததை ஊத்தினோம். எங்க போர்த்தண்ணி ஆகாது. அதுல இருக்கிற உப்பே அடுத்த துருவுக்கு விதை. கட்டையில இருந்து குழலைத் தனியாப் பிரிச்சு, மருந்து இல்லைன்னு உறுதி பண்ணினதுக்கு அப்புறம்தான் அடுப்புப் பக்கமே கொண்டுபோனோம். மூணு தடவை கொதிக்க வச்சு மூணு தடவை துடைச்சோம். இறுகிப்போன திருகாணிகளுக்கு டீசலும் பொறுமையும்தான். பெரியவர் தினமும் ரெண்டு சொட்டு விட்டு எட்டு நாள் காத்திருந்து திருகினார். ஒவ்வொரு திருகாணியையும் எந்த ஓட்டையில இருந்து வந்ததுன்னு எழுதி அட்டையில குத்தி வச்சார்.

கட்டைக்கு உப்புத்தாள் போடல. ஈரத்துணியால அழுக்கைத் துடைச்சு, நிழல்ல காய வச்சு, ஆளிவிதை எண்ணெயைக் கையாலேயே தேய்ச்சோம். கடைசியா இரும்புக்கு மேல மெல்லிசா மெழுகு. தோசைக்கல்லைப் பழக்குறது தெரியும்ல? அங்கே கறுப்பா இருக்கிறது எண்ணெய்ப் படலம், இங்கே இரும்போட சொந்தப் படலம். ஆனா ரெண்டும் செய்யிற காவல் ஒண்ணுதான். தோசைக்கல்லைப் பளபளன்னு தேய்ச்சு வச்சா நம்ம வீட்டுப் பொம்பளைங்க சும்மா விடுவாங்களா?

இவ்வளவுக்கும் அப்புறம் துப்பாக்கி மின்னல. கறுப்பும் காப்பிக்கொட்டை நிறமுமா, அம்மைத் தழும்பு மாதிரி குழிகளோட இருந்தது. பையன் முகம் கொஞ்சம் வாடித்தான் போச்சு. ஆனா அப்போதான் அது பேச ஆரம்பிச்சது.

பூட்டுத் தகட்டுல ஒரு கிரீடம் தெரிஞ்சது. அதுக்கு முன்னாடி "டவர்"னு ஆங்கில எழுத்து. வருஷத்துல 186 வரைக்கும் படிக்க முடிஞ்சது, கடைசி எண்ணைத் துரு தின்னிருந்தது. பித்தளைக் குந்தாத் தகட்டுல ஒரு எழுத்தும் ஒரு எண்ணும். ஆயுதக் கொட்டடியில இந்தத் துப்பாக்கியை எடுத்துக் கொடுக்கிறதுக்கான எண். உருவத்துல இது 1853-ம் வருஷத்து மாதிரி என்ஃபீல்டு. 1857-ல கொழுப்புத் தடவின தோட்டாவைப் பல்லால கடிக்கணும்னு சொல்லிப் பெரிய கலகமே வந்துச்சே, அந்தக் குடும்பம்.

இங்கேதான் விஷயம். என்ஃபீல்டு "ரைஃபிள்"னு பேர் வாங்கினதே குழலுக்குள்ள இருக்கிற மூணு வரிகளாலதான். அந்த வரிகள் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுத்தும். குழல் 39 அங்குலம், ஆக உள்ளே சரியா அரைச் சுற்று. அந்த அரைச் சுற்றுதான் குண்டைச் சுழல வச்சு நூத்துக்கணக்கான கெஜ தூரத்துக்குக் குறி தப்பாம அனுப்புறது. கலகத்துக்கு அப்புறம் ஆங்கில அரசு என்ன பண்ணுச்சுன்னா, இந்தியச் சிப்பாய்களுக்குன்னு தனியா ஒரு துப்பாக்கி செஞ்சது. வெளியே பார்த்தா அதே என்ஃபீல்டு. அதே கட்டை, அதே பூட்டு, அதே மூணு பட்டை. உள்ளே மட்டும் வரி கிடையாது. வழுவழுன்னு ஒரு குழாய். வெள்ளைக்காரச் சிப்பாய் ரைஃபிள் 14.7 மில்லிமீட்டர் துளை, இது ஏறக்குறைய 16.7. பின்பக்கக் குறி பார்க்கிற இடத்துல அவனுக்குத் தூரம் போட்ட ஏணி, இவனுக்கு அசையாத ஒரு சின்னத் துண்டு. நூறு கெஜத்துக்கு மேல குறி வச்சுச் சுட அதுல வழியில்லை. துப்பாக்கி கொடுத்த மாதிரியும் ஆச்சு, கொடுக்காத மாதிரியும் ஆச்சு. அதுக்கப்புறமும் பல காலம், வெள்ளைக்காரனுக்குப் புது மாதிரி வந்தா அவன் கழிச்சதுதான் இந்தியனுக்குன்னு ஒரு படி பின்னாடியே வச்சிருந்தாங்க.

பெரியவர் டார்ச் அடிச்சுக் குழலுக்குள்ள பார்த்தார். வரி இல்லை. வரி இல்லைங்கிறதை மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாது, வேட்டைக்கு ரவை போட்டுச் சுட வசதியாப் பின்னாடி சீவி எடுத்தவங்களும் உண்டுன்னு சொன்னார். வெர்னியர் வச்சு அளந்தார். 17-க்குப் பக்கம் வந்தது. பின்பக்கம் குறியைத் தடவினார். ஏணி மாட்டின தடமே இல்லை, அசையாத துண்டுதான். மூணும் ஒரே பக்கம் கையைக் காட்டுச்சு. ஆத்தா சொன்ன "தொரையோட ரைபிளு" இல்லை இது. ரைஃபிளே இல்லை. ஒரு இந்தியச் சிப்பாய் தோள்ல சுமந்த, வேணும்னே பல்லைப் பிடுங்கிக் கொடுத்த துப்பாக்கி.

பையன் ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "இதைத்தான் மாமா ஹால்ல மாட்டணும்"னான்.

கணக்குப் போட்டுப் பாருங்க. கிரைண்டர் ஓடியிருந்தா என்னென்ன போயிருக்கும்? கிரீடம், டவர், 186 எல்லாம் ஒரு நகக்கண் ஆழம்கூட இல்லாத முத்திரைகள். பஃபிங் சக்கரத்துக்கு அஞ்சு நிமிஷ வேலை. குந்தாத் தகட்டு எண் அழிஞ்சிருக்கும். துருவும் மண்ணும் பிடிச்ச அந்தக் குறித்துண்டை "ஏதோ கட்டி"ன்னு சீவித் தள்ளியிருப்பான். குழலுக்குள்ள டிரில்ல மாட்டின பிரஷ்ஷை ஓட்டி, இருந்த அளவும் போயிருக்கும். மிஞ்சியிருக்கிறது ஒரு பளபளப்பான குழாய், கூடவே "தொரை கொடுத்த ரைபிளு"ங்கிற கதை. இனி அந்தக் கதையைத் தப்புன்னு சொல்ல எந்தச் சாட்சியும் இருக்காது.

இதுக்கு ரெண்டு எதிர்ப்பேச்சு வரும்.

ஒண்ணு, "நீங்க மட்டும் அருவாளைத் தீட்டுறீங்களே?" தீட்டுறேன். என் அப்பாரு காலத்து அருவாள் தீட்டித் தீட்டிப் பாதி அகலம் ஆயிருச்சு. இன்னும் தீட்டுவேன். அது இன்னைக்கும் வேலை செய்யிற இரும்பு. தேய்ஞ்சு போறதுதான் அதோட வாழ்க்கை. அந்தத் துப்பாக்கிக்குச் சுடுற வேலை முடிஞ்சு ரொம்ப நாள் ஆச்சு, திரும்பவும் வரக்கூடாது. இனிமே அதுக்கு இருக்கிற ஒரே வேலை சாட்சி சொல்றது. சாட்சிக்காரனைக் கூண்டுல ஏத்துறதுக்கு முன்னாடி வாயைத் தைச்சு விடுவாங்களா?

ரெண்டு, "என் வீட்டுச் சாமான், என் இஷ்டம்." சரிதான். ஆனா காசுக் கணக்குலயும் அது நட்டம். பழைய ஆயுதங்களைச் சேர்க்கிறவங்க உலகம் முழுக்க முத்திரை தெரியிற, தேய்க்காத சாமானுக்குத்தான் அதிக விலை கொடுக்கிறாங்க. 2003-ல காத்மாண்டுல ஒரு பழைய அரண்மனைக் கிடங்குல இருந்த ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளை அமெரிக்க வியாபாரிங்க மொத்தமா வாங்கினாங்க. அதுல பலதையும் பிசுக்கும் அழுக்குமா அப்படியேதான் வித்தாங்க. வாங்கினவங்க மாசக்கணக்குல மெதுவாத் துடைச்சு எடுத்தாங்க. நம்ம நாட்டுல இருந்து அப்படி அனுப்பலாம்னு கனவு காணாதீங்க. நூறு வருஷத்துக்கு மேலான தொல்பொருளைத் தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் வருஷத்துச் சட்டம் விடாது.

எனக்கு இதுல இன்னொரு வருத்தமும் உண்டு. 1801-க்கு அப்புறம் பாளையக்காரங்க கோட்டைகளை இடிச்சாங்க, ஆயுதங்களைப் பறிச்சாங்க. 1878-ல ஆயுதச் சட்டம் வந்து, இந்தியனுக்கு உரிமம் வேணும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம்னு ஆச்சு. அதனால எங்க மாதிரி ஊர்கள்ல பழைய இரும்பு மிஞ்சினதே கொஞ்சம். அரண்மனைச் சாமான் எழும்பூர் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது, தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களை அங்கே நீங்க பார்க்கலாம். பேர் தெரியாத சிப்பாயோட சாமானுக்கு அட்டாலிதான் மியூசியம். வீட்டை இடிக்கிறப்போ அது எடைக்குப் போகுது, இல்லைன்னா கிரைண்டருக்குப் போகுது.

ஊருக்கு வந்து பாட்டன் வீட்டைப் பிரிக்கப் போறவங்க உங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. இரும்பா ஏதாவது கிடைச்சா, துப்பாக்கியா இருந்தா, எடுத்த இடத்துலயே போட்டோ எடுங்க. வாயை ஆள் மேல காட்டாம வைங்க. விசையைத் தொடாதீங்க, சூடு காட்டாதீங்க. ஸ்டேஷனுக்குச் சொல்லுங்க. திரும்பக் கைக்கு வந்தா எண்ணெய், தண்ணி, துணி, பொறுமை, இது நாலும் போதும். நீங்க வச்சிருக்கப் பிரியப்படாட்டி, எடைக்குப் போடாம மாவட்ட அருங்காட்சியகத்துல கேட்டுப் பாருங்க. எதைச் செஞ்சாலும் சக்கரத்துல மட்டும் பிடிக்காதீங்க. கிரைண்டர் வேணும்னு என்கிட்ட வந்தா தர மாட்டேன். கொப்பரை வேணும்னா தர்றேன், சர்க்கரை காய்ச்சாத மாசமா பார்த்து வாங்க.